கதவு எண் 14

வி.பி.பி. என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

மறந்து போனவர்களுக்கும், அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு போஸ்ட் கார்டு போட வேண்டும். பத்து, பதினைந்து நாளில் பார்சல் வரும். தபால்காரர் வாசலில் நின்று பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். பணம் மணியார்டராக கம்பெனிக்குப் போய்ச் சேரும். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அதற்குத் தாத்தா.

1993. விருதுநகரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் அந்த விளம்பரம். 'குறைந்த முதலீட்டில் 50 தொழில்கள்! இதுவரை யாரும் வெளியிடாத ரகசியங்கள்! விலை ரூ.35 மட்டும்!' அப்பா பருப்பு மில்லில் கணக்குப்பிள்ளை. முப்பத்தைந்து ரூபாய் என்பது எங்கள் வீட்டில் 'மட்டும்' போடுகிற தொகை அல்ல. இருந்தாலும் கார்டு போட்டுவிட்டேன்.

பார்சல் வந்த அன்று அப்பா வீட்டில் இருந்தது என் நேரம். தபால்காரர் முன்னால் திட்டினால் மரியாதையாக இருக்காது என்று பேசாமல் பணத்தைக் கொடுத்தார். பிரித்தால், 32 பக்கப் புத்தகம். மெழுகுவத்தி செய்வது எப்படி? உருக்கிய மெழுகை அச்சில் ஊற்றவும். அச்சு தேவைப்படுவோர் எங்களை அணுகவும். சோப்பு செய்வது எப்படி? கலவைப் பொடி எங்களிடம் கிடைக்கும். ஊதுபத்தி? வாசனைத் திரவியத்துக்கு எங்களுக்கு எழுதவும். ஐம்பது தொழிலும் கடைசியில் அந்த ஒரு விலாசத்தில் போய்த்தான் முட்டிக்கொண்டு நின்றன.

அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அவன் செய்யற தொழில் என்னன்னு முப்பத்தஞ்சு ரூவா வாங்கிட்டு நமக்குக் காட்டிட்டான்."

கதை அதோடு முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எனக்குத் தபால் வர ஆரம்பித்தது. கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரம், மூலிகைத் தலைமுடித் தைலம், பெயர் ராசி பார்த்துத் தொழில் தொடங்குவது, டெல்லியில் இருந்து ஏதோ ஒரு அதிர்ஷ்ட மோதிரம். எல்லாம் என் பெயருக்கு. சிலதில் 'தொழிலதிபர்' என்ற பட்டத்தோடு! அரை டிராயர் போட்ட தொழிலதிபர்.

அவற்றில் ஒரு விஷயத்தை அப்பாதான் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுக் கதவு எண் 41. பார்சல் அனுப்பிய கம்பெனி அதை 14 என்று மாற்றி எழுதியிருந்தது. தபால்காரருக்கு எங்களைத் தெரியும் என்பதால் சரியாக வந்து சேர்ந்தது. (14-ஆம் எண் பூட்டிக் கிடந்த ஒரு அரிசி குடோன்.) அதன் பிறகு கோவையில் இருந்து வந்ததிலும் 14. டெல்லியில் இருந்து வந்ததிலும் 14. நான் சரியாக எழுதிய விலாசத்தை எழுத்துப் பிழையோடு ஊரெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டது?

"அந்தப் பய நம்ம விலாசத்தை வித்துப்புட்டான்டா" என்றார் அப்பா.

விலாசத்தை விற்க முடியுமா என்று திகைத்துப் போனேன். அப்பா அந்த நோட்டீஸ்களின் வெள்ளைப் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுத ஆரம்பித்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

சரி, இப்போது 2006-க்கு வாருங்கள்.

பி.காம். முடித்து, சென்னைக்கு வந்து, ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவன் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் நியூஜெர்சிக்குப் போய்விட்டான். சனிக்கிழமை இரவானால் போன் செய்வான். ஒரு நாள் எடுத்த எடுப்பில், "டேய், ஈபேல புத்தகம் விக்கலாமா?" என்றான்.

ஈபே பற்றி அப்போதே எல்லோருக்கும் தெரியும். பியர் ஒமிட்யார் என்பவர் 1995 செப்டம்பரில் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் தொடங்கிய ஏலக்கடை. ஆரம்ப நாட்களில் அதில் விலை போன ஒரு பொருள், உடைந்து போன லேசர் பாயின்ட்டர். 14.83 டாலர். உடைந்தது என்று சொல்லியே விற்றார், ஒருவர் தெரிந்தே வாங்கினார். எதற்கும் ஒரு கிராக்கி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான் என்கிற நம்பிக்கையில்தான் அந்தக் கடையே ஓடியது.

ஆனால் நண்பன் சொன்னது காகிதப் புத்தகம் அல்ல. பி.டி.எஃப். அந்த நாட்களில் ஈபேயில் இதற்கென்று ஒரு தனிக் கூட்டமே இருந்தது. தகவலை விற்பவர்கள். உடல் இளைப்பது, நாய்க்குப் பழக்கம் சொல்லித் தருவது, வீட்டிலிருந்தே சம்பாதிப்பது. (ஆமாம், விருதுநகருக்கு வந்த அதே 50 தொழில்கள்!) பெரும்பாலானவர்கள் தாங்களே எழுதியதில்லை. மறுவிற்பனை உரிமையோடு மொத்தமாக வாங்கி, ஒரே புத்தகத்தை நூறு பேர் விற்பார்கள்.

"நாம சொந்தமா எழுதுவோம். உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். பத்திரிகை வேலையில் ஊர் ஊராகப் போனதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்திய ரயில்வே ஒன்றுதான். வெயிட்டிங் லிஸ்ட் எப்படி நகரும், ஆர்.ஏ.சி. என்றால் ஒரே சைடு லோயரில் இரண்டு பேர் ஏன் உட்கார வேண்டும், தட்கல் எப்போது போட வேண்டும், வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி கோட்டா இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்... இரண்டு வாரத்தில் ஆங்கிலத்தில் 22 பக்கம் எழுதிவிட்டேன். என் ஆங்கிலத்தை நண்பனின் அமெரிக்க சக ஊழியர் ஒருவர் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

தலைப்புக்கு ஈபே கொடுத்த இடம் 55 எழுத்து. நான் வைத்த 'இந்திய ரயில் பயணக் கையேடு' என்ற தலைப்புக்கு ஒரு ஈ, காக்கை வரவில்லை. 'இந்தியாவில் ஸ்லீப்பர் கிடைப்பது நிச்சயம்' என்கிற அர்த்தத்தில் மாற்றினோம். உடனே நகர்ந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920-களில் அமெரிக்காவின் கான்சாஸில், ஹால்டிமன்-ஜூலியஸ் என்கிற பதிப்பாளர் 5 சென்ட் விலையில் குட்டிப் புத்தகங்களைத் தபாலில் விற்றார். 'தங்கக் கம்பளி' என்ற பொருளில் தலைப்பிருந்த ஒரு பிரெஞ்சுக் கதை வருஷத்துக்கு 6,000 பிரதி போய்க்கொண்டிருந்தது. 'பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி' என்ற தினுசில் தலைப்பை மாற்றினார், 50,000 போனது. உள்ளே ஒரு வரி மாற்றவில்லை.

வணிகவியல் படித்தவன் இல்லையா, கணக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் குழப்பமே சரக்கு இருப்பில் வந்தது. ஆரம்ப இருப்பு ஒன்று. விற்பனை நாற்பது. இறுதி இருப்பு... ஒன்று! கல்லூரியில் எங்களுக்குக் கணக்கியல் எடுத்த பேராசிரியர் இதைப் பார்த்திருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பார்.

அடுத்தது லாபம். 99 சென்ட்டுக்கு ஒன்று விற்றால், பட்டியலில் போடுவதற்கு ஈபேக்கு 20 சென்ட் போல. விற்றதும் அதற்கு 5.25 சதவீதம், அதாவது 5 சென்ட். பணம் வந்து சேர பேபாலுக்கு 2.9 சதவீதமும் 30 சென்ட்டும், ஆக 33. மிச்சம் நாற்பது சென்ட் சொச்சம். இதற்கே நான் மூக்கால் அழுதுகொண்டிருந்தபோது நண்பன் ஒரு குண்டைப் போட்டான். "இனிமே ஆரம்ப விலை ஒரு சென்ட்."

"பைத்தியமாடா? அந்த ஒரு சென்ட்டையும் பேபால் முழுங்கிரும். ஒவ்வொண்ணுக்கும் இருபது சென்ட் நஷ்டம்."

அவன் சிரித்தான். "நீ இன்னும் நாம புத்தகம் விக்கறோம்னே நினைச்சுட்டிருக்க. நாம வாங்கறோம்டா. ஒரு ஆளோட இமெயில் அட்ரஸை இருபது சென்ட்டுக்கு வாங்கறோம்."

எனக்கு அந்த இடத்தில் விருதுநகர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'அட, என்ன மூளை!' என்றுதான் தோன்றியது.

எப்படி வாங்குவது? அந்த நாட்களில் ஈபேயில் விற்பவருக்கு வாங்கியவரின் இமெயில் தெரிந்துவிடும். ஆனால் அவரைக் கேட்காமல் அதை விளம்பரப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது விதி. விற்பனைப் பக்கத்திலிருந்து வெளியே உங்கள் வெப்சைட்டுக்கு இணைப்பும் கொடுக்க முடியாது. ஆனால் அப்போது 'என்னைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருந்தது, அதில் கொடுக்க முடிந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் கொடுக்கலாம். 'இந்திய ரயில் பற்றி இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம், இலவசம்' என்று போட்டோம். பெயரையும் முகவரியையும் நிரப்பினால் ஒரு மெயில் போகும். அதைத் திறந்து 'ஆமாம், எனக்கு வேண்டும்' என்று ஒரு தட்டு தட்டினால்தான் பட்டியலில் சேருவார். ஒவ்வொருவரும் இரண்டு முறை சம்மதம் சொல்லி வந்தவர்கள். ஒருவரைக்கூட ஏமாற்றிச் சேர்க்கவில்லை. அதுவரை நாங்கள் யோக்கியர்கள்தான்.

ஏலம் என்பது விசித்திரமான பிராணி, சார். ஒரே நேரத்தில் நான்கு ஏலம் ஓடவிடுவோம். மூன்று ஒரு சென்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். நாலாவதில் இரண்டு பேர் மோதிக்கொண்டு நாலு டாலர் வரை ஏற்றுவார்கள். பக்கத்திலேயே அதே புத்தகம் ஒரு சென்ட்டுக்குக் கிடக்கிறது, எட்டிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். பிற்பாடு மால்மெண்டியர், லீ என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் எழுதிய ஆராய்ச்சியைப் படித்தேன். ஈபேயில் ஒரு விளையாட்டுப் பெட்டி நிலையான விலைக்கும் கிடைக்கிறது, ஏலத்திலும் வருகிறது. 42 சதவீத ஏலங்கள் அந்த நிலையான விலையைத் தாண்டிப் போய் முடிந்திருக்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாலு டாலர்காரர்கள்தான் படியளந்தார்கள்; ஒரு சென்ட் நஷ்டமெல்லாம் அதில் நேராகிவிடும்.

பதினைந்து மாதத்தில் பட்டியலில் 380 பேர்.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரக் கடிதத்தை எழுதுவது எனக்குப் பத்திரிகை வேலையைவிடப் பிடித்திருந்தது. ரயிலில் பெட்டிக்குச் சங்கிலி போடுவது பற்றி எழுதினால் நான்கு பேர் பதில் எழுதுவார்கள். நடைமேடை இட்லியைச் சாப்பிடலாமா என்று ஒரு அம்மாள் கேட்பார். அலுவலகத்தில் என் பெயர் இல்லாமல் நான் எழுதும் துணுக்குகளுக்கு யார் பதில் போடப் போகிறார்கள்?

அந்த 380 பேரில் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பாவுக்கு 84 வயது. இரண்டாம் உலகப் போரில் மெக்கானிக்காக கரக்பூரில் இருந்தவராம். 1944-ல் அமெரிக்கர்கள் பி-29 குண்டுவீச்சு விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திய வட்டாரம் அது. அவர்களுடைய தலைமையகம் ஹிஜ்லியில் இருந்த பழைய சிறைக் கட்டடத்தில் நடந்தது. அதே கட்டடத்தில்தான் பிறகு நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. பெரியவருக்கு அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். மகன் கேட்டார்: ஹவுராவில் சக்கர நாற்காலி கிடைக்குமா? ரயிலுக்குள் ஏற்றிவிட ஆள் உண்டா? அப்பாவால் மேலே ஏற முடியாது, கீழ் பெர்த் உறுதியாகக் கிடைக்குமா?

ரயில்வேயில் வேலை பார்த்த என் சித்தப்பாவிடம் விசாரித்து நீளமாகப் பதில் எழுதினேன். ஹவுராவில் இருந்து 115 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரம், பெர்த்தே தேவையில்லை, பகல் ரயிலில் உட்கார்ந்தே போய்விடலாம். ஆனால் கரக்பூரில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நடைமேடை 1,072 மீட்டர். அன்றைக்கு உலகிலேயே மிக நீளமான நடைமேடை அதுதான். அவர் மறுபடி எழுதினார், நான் மறுபடி எழுதினேன். 2008 நவம்பரில் வருவதாகத் திட்டம்.

இதற்கு நடுவில் ஈபே கதவைச் சாத்தியது. காரணம் எங்களைப் போன்றவர்கள்தான், இன்னும் சொன்னால் எங்களைவிடச் சாமர்த்தியசாலிகள். ஈபேயில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். பத்து வந்தால் மஞ்சள் நட்சத்திரம், ஐம்பதுக்கு நீலம். பெரிய பொருள் விற்க வருகிறவரை ஜனங்கள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நம்புவார்கள். ஒரு சென்ட் புத்தகம் நூறு வாங்கினால் ஒரு டாலர் செலவில் நூறு மதிப்பெண்! நாணயத்தையே மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொருளாதாரக்காரர்கள் 2006-லேயே இதை எழுதிக் காட்டிவிட்டார்கள். 2008 மார்ச் மாதக் கடைசியோடு, டவுன்லோடு செய்கிற சரக்கை ஏலத்தில் விற்கக் கூடாது, வரி விளம்பரமாக மட்டும் போடலாம் என்று ஈபே சொல்லிவிட்டது. வரி விளம்பரத்தில் ஏலமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. சிலர் புத்தகத்தை சி.டி.யில் எழுதித் தபாலில் அனுப்பித் தொழிலைத் தொடர்ந்தார்கள். எங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை.

"கடையை மூடிரலாம். இருக்கற சரக்கை வித்துட்டு" என்றான் நண்பன்.

"என்ன சரக்கு? அதான் பி.டி.எஃப். ஒண்ணுதானே இருக்கு?"

"லிஸ்ட் இருக்கே."

சுற்றுலாச் சாமான் விற்கிற ஒருவர் 200 டாலர் தருகிறாராம். முழுப் பட்டியலுக்கும். நண்பன் சட்டமும் பார்த்துவிட்டான். அமெரிக்காவில் 2004 ஜனவரி 1 முதல் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு. விளம்பர மெயில் அனுப்புவதை அது தடுக்கவில்லை. 'வேண்டாம்' என்றால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும், அனுப்புகிறவரின் தபால் முகவரி அதில் இருக்க வேண்டும். "எல்லாம் லீகல்டா."

நான் யோசித்தேனா? யோசித்தேன். இரண்டு நாள். கரக்பூர்க்காரரின் பெயரை மட்டுமாவது எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு பெயரை எடுத்தால் மற்ற 379 பேருக்கு என்ன நியாயம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் பேசி, அதையும் விட்டுவிட்டேன். என் பங்கு 100 டாலர். அன்றைய விலைக்கு 4,000 ரூபாய். விருதுநகரில் அம்மாவின் மிக்ஸி புகைந்துபோய்க் கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

ஜூன் மாதம் அவரிடமிருந்து மெயில் வந்தது. கோபமாகக்கூட இல்லை. சூதாட்டம், மாத்திரை, கடன் என்று தினம் பத்து மெயில் வருகிறது என்று எழுதியிருந்தார். பட்டியல் அந்தச் சுற்றுலாச் சாமான்காரரோடு நின்றிருக்காது. கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கும். கடைசியில் ஒரு வரி. 'இவையெல்லாம் வருவது நான் உங்கள் கடிதத்துக்கென்று மட்டும் கொடுத்த முகவரிக்கு.'

புரிகிறதா? ஜிமெயிலில் ஒரு வசதி உண்டு. உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கடிதம் உங்கள் பெட்டிக்கே வந்துவிடும். அவர் 'டிரெய்ன்' என்று சேர்த்திருந்தார். யாரிடமிருந்து வெளியே போனது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அமெரிக்காவில் தபால் முகவரிகளை வாடகைக்கு விடும் கம்பெனிகளே பட்டியலில் நடுநடுவே பொய்ப் பெயர்களைத் தூவி வைப்பது உண்டு, திருடனைப் பிடிக்க. இவர் திருடனைப் பிடிக்கவெல்லாம் நினைத்திருக்க மாட்டார். சும்மா ஒழுங்காக அடுக்கி வைக்கிற பழக்கம் உள்ள வாத்தியார்.

கதவு எண் 14.

நான்கைந்து முறை பதில் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் கம்ப்யூட்டரில் யாரோ புகுந்துவிட்டார்கள்' என்று ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. அனுப்பவில்லை. பொய்யையும் அனுப்பவில்லை, உண்மையையும் அனுப்பவில்லை. அந்தப் பெரியவர் நவம்பரில் கரக்பூருக்கு வந்தாரா, அவ்வளவு நீள நடைமேடையில் யாராவது அவரைத் தள்ளிக்கொண்டு போனார்களா, எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் கடையில் பில் போடுகிற பெண் "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறாள். பின்னால் நிற்பவர் அவசரப்படுகிறார். நீங்களும் சொல்லிவிடுகிறீர்கள். நம் நாட்டில் தனிநபர் தகவலுக்கென்று 2023-ல் சட்டமே நிறைவேறிவிட்டது. நான் மட்டும் "நம்பர் வேண்டாம்மா, பில்லை மட்டும் கொடுங்க" என்கிறேன். விவரமான ஆள் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. இரண்டு முறை காயில் மாற்றியாகிவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா சட்னி அரைத்துக்கொண்டே சொல்வாள். "இது எம் புள்ள அமெரிக்காவுக்குப் புத்தகம் எழுதி, அந்தக் காசுல வாங்கினது."

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது என்னிடமே கேட்டாள். "அது மாதிரி ஏன்டா இப்பல்லாம் எழுதறதில்ல? நல்லாத்தான போச்சு?"

"ரயில் புக்கிங் முறையெல்லாம் மாறிப்போச்சும்மா" என்றேன்.